ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு

எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்து நம் நாட்டின் அரசு மையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் எட்டு அரசு மருத்துவமனைகளில் இப்பணி தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை அவற்றுள் ஒன்று. 2006 நவம்பர் இறுதியில் குழந்தைகளுக்கான மருந்துத் திட்டம் வந்தது. 2017 முதல், தொற்று உறுதியானவர் எவராயினும், அவருடைய எதிர்ப்பாற்றல் அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவாயினும், காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு உள்ளது என்று அறியும் பரிசோதனைக்கும் கட்டணமில்லை.

அப்படியிருக்க, மருத்துவமனை ஏன் அரசிடம் மேலும் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறது? சிகிச்சைக்கு வரும் சிலர் எங்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். "மாத்திரை தருகிறீர்கள், வாங்கிக்கொண்டு போகிறோம். வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று சற்றுச் சினத்துடன் கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு மருந்து வழங்கும் சன்னலருகே நின்று இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல இயலாது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இது எல்லா நோயாளிகளுக்கும் வழங்கப்படும் பொது இதழ். ஆகவே இதைக் கையில் வைத்திருப்பதனால் எவரைப் பற்றியும் எதுவும் வெளிப்பட்டுவிடாது. நீரிழிவுக்கும் மூட்டுவலிக்கும் வருகின்றவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

மருந்து ஒருவருக்கு, சுமை வீட்டுக்கு

பலருடைய நிலைமைகளைச் சேர்த்து ஒரு குடும்பமாகச் சொல்கிறோம். இது எந்தத் தனி வீட்டின் கதையும் அன்று. கணவர் இறந்துவிட்டார். மனைவிக்கு முப்பத்திரண்டு வயது. ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் வாரக்கூலிக்குத் தைக்கிறார். கூட்டு மருந்து எடுத்துக்கொள்கிறார், வைரஸ் அளவும் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்பது வயது மகனுக்குத் தொற்று உண்டு. அவன் ஊரில் பாட்டியிடம் வளர்கிறான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகளுக்குத் தொற்று இல்லை என்பது வீட்டாரின் நம்பிக்கை. அவளுக்கு இதுவரை பரிசோதனை செய்யப்படவில்லை.

தாய் மருந்து வாங்க வருவது ஒரு நாள், மகனை அழைத்து வருவது மற்றொரு நாள். இரண்டு நாள் கூலி போகிறது. ஊருக்குச் சென்று பையனை அழைத்து வந்து மீண்டும் கொண்டு விடும் பேருந்துச் செலவு தனி. பாட்டிக்கு இது என்ன மருந்து என்று தெரியாது, சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். சத்து மாத்திரையை ஒருவர் எப்படிக் கொடுப்பாரோ அப்படித்தான் அவரும் கொடுக்கிறார். நினைவு வந்தால் கொடுப்பார், திருவிழா வந்தால் மறப்பார், பையன் வாந்தியெடுத்தால் நான்கு நாள் நிறுத்திவைப்பார். ஒரு நாள் பையனின் வைரஸ் அளவு ஏறியிருப்பதாக அறிக்கை வருகிறது. மருந்து ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. எழுதியது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியால் அவ்வீட்டில் எதுவும் மாறப்போவதில்லை.

மருத்துவமனையின் பதிவேட்டில் இவ்வீட்டுக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று தாய்க்கு, ஒன்று மகனுக்கு. இரண்டும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. மூத்த மகள் அதில் இல்லை. நாள்தோறும் மருந்து கொடுக்கும் பாட்டியும் இல்லை.

குடும்பம் சார்ந்த சிகிச்சை என்று நாங்கள் சொல்வது இந்த நால்வரையும் ஒரே நாளில், ஒரே கோப்பில், ஒரே குழுவினர் பார்ப்பதைத்தான். இதற்கு மருத்துவ முறையிலேயே வலுவான காரணங்கள் உள்ளன. எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு எந்தச் சிகிச்சையும் இல்லாதபோது, கருவுற்ற காலம், பேறுகாலம், தாய்ப்பாலூட்டும் காலம் ஆகியவற்றில் குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. முறையான சிகிச்சை இருந்தால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதற்பரிசோதனை. குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தமே போதும். பின்னர் ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், இறுதியாகப் பதினெட்டாவது மாதம். இந்த நான்கு நாள்களில் ஒன்று தவறினாலும் குழந்தையின் நிலை ஐயத்திலேயே நின்றுவிடும். வளரும் குழந்தைக்கு உடல் எடை கூடக் கூட மருந்தின் அளவு மாற வேண்டும். சென்ற ஆண்டின் அளவையே இந்த ஆண்டும் கொடுத்தால் அது குறை மருந்து. குறை மருந்தில் வைரஸ் எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். தொடர்ந்து மருந்து எடுத்து, வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்கு இறங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியே துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை. இச்செய்தியைக் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து கேட்கும்போது அவ்வீட்டில் நிகழும் மாற்றத்தை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். தனியே கேட்டவர் அதை வீட்டில் எடுத்துச் சொல்வது அவ்வளவு எளிதன்று.

இவற்றுள் எதற்கும் புதிய மருந்து தேவையில்லை. தேவைப்படுவன ஒரு கதவுள்ள அறை, குழந்தைகளிடம் பேசப் பயின்ற ஓர் ஆலோசகர், பேருந்துக் கட்டணம், பள்ளி இல்லாத ஒரு நாள். மருந்துக்கான திட்டத்தில் இவற்றுக்குப் பணம் இராது. இவற்றைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 1992-இல் தொடங்கியது. அதன் ஐந்தாம் கட்டத்திற்கு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, மத்திய அரசு ஒதுக்கிய தொகை 15,471.94 கோடி ரூபாய். தமிழகத்தில் இப்பணியை நடத்துவது தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம். அது 1994-இல் நிறுவப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் இச்சங்கம் ஓர் ஆண்டுச் செயல்திட்டத்தைத் தயாரித்துத் தில்லிக்கு அனுப்புகிறது. எத்தனை மையங்கள், எத்தனை ஊழியர்கள், என்னென்ன பணிகள், அவற்றுக்கு எவ்வளவு செலவு என்பன அதில் இருக்கும். தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியும் இவ்வாறே மாவட்டத் தேவை, மாநிலத் திட்டம், மத்திய ஒப்புதல் என்னும் படிகளில் ஏறி இறங்குகிறது.

வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது இதன் காலக்கணக்கை. அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரலில் பணம் வேண்டுமெனில், தேவை அதற்குச் சில மாதங்கள் முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத தேவை அவ்வாண்டுக்கு இல்லாத தேவையே. நடுவில் எவ்வளவு உருக்கமாக எடுத்துரைத்தாலும் அதிகாரிகளால் செய்யக்கூடியது குறைவு. அவர்கள் மனமற்றவர்கள் என்பதனால் அன்று, கணக்குத் தலைப்பு இல்லாத செலவை எவரும் அனுமதிக்க இயலாது என்பதனால்.

சிறு செலவுகளுக்கு அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்றோர் அமைப்பு உண்டு. ஒரு தடுப்புச் சுவர், சில நாற்காலிகள், குடிநீர் போன்றவற்றை அதன்வழியே பெறலாம். சம்பளத்தை அதில் கேட்க இயலாது. பொதுவாகவே, ஒரு கருவியைக் கேட்டுப் பெறுவதைக் காட்டிலும் ஒரு மனிதரின் பன்னிரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்டுப் பெறுவது கடினம் என்பது எங்கள் அனுபவம். கருவி ஒருமுறைச் செலவு. சம்பளம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தொடரும். ஆனால் எச்.ஐ.வி. சிகிச்சையில் ஒரு நல்ல ஆலோசகர் செய்வதை எந்தக் கருவியும் செய்வதில்லை. இதை நாங்கள் எழுதும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தயங்காமல் சொல்லி வருகிறோம்.

குடும்பம் சார்ந்த எச்.ஐ.வி. சிகிச்சைக்கென்றே அரசு தனி நிதி ஒதுக்கும் முறை அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. அங்கு இந்தியானா மாநிலத்தில் ரயன் வைட் என்றொரு சிறுவன் இருந்தான். இரத்தம் உறையாமை நோய்க்காக அவனுக்குச் செலுத்தப்பட்ட இரத்தப் பொருளின் வழியே எச்.ஐ.வி. பரவியது. 1984 டிசம்பரில், பதின்மூன்று வயதில், எய்ட்ஸ் இருப்பது தெரிந்தது. பள்ளி அவனை உள்ளே விட மறுத்தது. அவனும் தாயாரும் வழக்காடி நாடறியச் செய்தனர். 1990 ஏப்ரலில் அவன் இறந்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் அவன் பெயராலேயே ஒரு நிதிச் சட்டம் நிறைவேறியது. அதன் 'டி' பகுதி, பெண்கள், கைக்குழந்தைகள், சிறுவர், இளையோர் ஆகியோருக்குக் குடும்பம் சார்ந்த சிகிச்சை அளிக்கும் நிலையங்களுக்கு உரியது. நிலையங்கள் போட்டியிட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதில் எங்களைக் கவர்ந்த ஒரு விதி உண்டு: காப்பீடோ வேறு திட்டமோ ஏற்கும் செலவை இந்நிதியிலிருந்து கொடுக்கலாகாது, மற்ற எல்லா வழிகளும் முடிந்த இடத்தில்தான் இப்பணம் தொடங்க வேண்டும்.

நம் நாட்டின் ஏற்பாடுகள் வேறானவை. எனினும் அவ்விதியின் நியாயத்தை எங்கள் விண்ணப்பத்தில் எடுத்துக்கொண்டோம். ஏற்கெனவே ஏதோவொரு திட்டத்தில் கிடைப்பதை நாங்கள் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு விடுமுறைச் சனிக்கிழமையைக் குடும்ப நாளாக வைத்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே வேளையில் பார்ப்பது, குழந்தைகளுக்கென ஓர் ஆலோசகர், குழந்தைக்கும் உடன் வரும் ஒருவருக்கும் பயணப்படி ஆகிய மூன்றை மட்டுமே கேட்டிருக்கிறோம்.

"எத்தனை குடும்பங்கள்?"

விண்ணப்பத்தைப் பார்த்தவர்கள் கேட்ட முதற்கேள்வி இதுதான். எத்தனை பேர் மருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். தேசியப் பதிவேடுகள் ஆள்களை எண்ணுவதற்காக அமைக்கப்பட்டவை, வீடுகளை எண்ணுவதற்காக அல்ல. தாயின் எண்ணையும் மகனின் எண்ணையும் இணைத்து, பரிசோதிக்கப்படாத மகளையும் பராமரிக்கும் பாட்டியையும் சேர்த்து, இது ஒரு வீடு என்று சொல்ல வேண்டுமானால் அவ்வீட்டாரே எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சென்ற சில மாதங்களாக எங்கள் ஆலோசகர்கள் உங்களிடம் கேட்டு வருவது இதற்காகத்தான். பலர் சொன்னார்கள். சிலர் மறுத்தார்கள். மறுத்தவர்களின் காரணங்களைக் கேட்டபோது அவற்றை எளிதில் ஒதுக்க இயலவில்லை. எழுதப்பட்ட தாள் எங்கோ பயணம் செய்யும், எவர் கண்ணிலோ படும் என்பதே பெரும்பாலோரின் அச்சம். தாய் ஒருவர் சொன்னது இன்னும் எங்களைவிட்டு அகலவில்லை. பிள்ளையின் படிப்புக்கான உதவி கேட்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றபோது, வரிசையில் நின்றிருந்தவர்கள் முன்னிலையில் அவருடைய மருத்துவச் சான்றை உரக்கப் படித்துவிட்டார்களாம். அதன்பின் அவர் எந்த உதவிக்கும் விண்ணப்பிக்கவில்லை. பெற வேண்டிய பணத்தை விட்டுவிடுவது அவருக்கு மலிவாகப்பட்டது.

இந்த அச்சத்திற்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ளது என்பதை அவருடைய அறிந்த ஒப்புதல் இன்றி வெளியிடலாகாது என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. சட்டமே குறிப்பிடும் சில விலக்குகள் மட்டும் உண்டு. ஒப்புதல் வாய்மொழியாக இருந்தால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். இத்தகைய பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைக் காக்கும் ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும். சட்டம் மீறப்பட்டால் மாநில அரசு நியமிக்கும் முறைமன்ற நடுவரிடம் புகார் செய்யலாம். அவர் முப்பது நாள்களுக்குள் ஆணையிட வேண்டும். மருத்துவ அவசரமாயின் இயன்றவரை இருபத்துநான்கு மணி நேரத்திற்குள். மத்திய, மாநில அரசுகள் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்டோர் நலத்திட்டங்களைப் பெற வழிசெய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதாவது, உதவி பெறும் உரிமையும் மறைவைக் காக்கும் உரிமையும் ஒரே சட்டத்தின் இரு பிரிவுகள். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்க வேண்டும் என்று எவரும் உங்களிடம் கேட்கக் கூடாது.

எங்கள் விண்ணப்பத்தில் எந்தக் குடும்பத்தின் பெயரும் முகவரியும் இடம்பெறாது. எண்ணிக்கை மட்டுமே செல்லும்: இத்தனை வீடுகள், அவற்றுள் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இத்தனை பேர், பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள் இத்தனை பேர், தாத்தா பாட்டியிடம் வளர்வோர் இத்தனை பேர். அரசுக்கு அதற்கு மேல் தேவையுமில்லை.

உங்கள் வீட்டுக்கான உதவிகள்

மருத்துவமனை பெறும் நிதி ஒருபுறம் இருக்க, குடும்பங்கள் நேரடியாகப் பெறக்கூடிய அரசு உதவிகளும் உள்ளன. இவற்றைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம், எச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னால்தான் கிடைக்கும் என்பது. பெரும்பாலானவற்றுக்கு அது உண்மையன்று. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இயலுமானால், இதை வைத்துக்கொள்ளுங்கள் என்போம்.

மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் வழங்கப்படும் நிதி ஆதரவை எடுத்துக்கொள்வோம. குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊரகப் பகுதியில் 72,000 ரூபாய்க்கும், நகரப் பகுதிகளில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருப்பது இதற்குரிய தகுதிகளுள் ஒன்று. ஆனால் அது ஒன்றே தகுதியன்று. தாய் கணவரை இழந்தவராகவோ கைவிடப்பட்டவராகவோ இருப்பதும் தகுதி. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்வதும் தகுதி. நாங்கள் மேலே சொன்ன குடும்பத்தின் தாய், கணவரை இழந்தவர் என்னும் தகுதியிலேயே விண்ணப்பிக்கலாம். நோயைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. கணவரின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் காரணம் தெரிந்துவிடுமே என்று அஞ்சுவோர் உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, எவருக்கும் வழங்கப்படும் இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணத்தைக் குறிப்பிடவே கூடாது. உங்களிடம் உள்ள சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

இதற்கான விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கிடைக்கும். வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, பள்ளியில் படிப்பதற்கான சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை ஆயத்தமாக வைத்துக்கொள்வது நல்லது. வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்னதாகவே பெற்றுவிடுங்கள், பெரும்பாலும் தாமதம் அங்கேதான் நேர்கிறது. விண்ணப்பித்த அனைவருக்கும் இவ்வுதவி கிடைத்துவிடுவதில்லை. ஒதுக்கீடு உள்ள அளவுக்கே வழங்குவார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் விண்ணப்பிக்காதவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. காத்திருப்போர் பட்டியல் நீண்டிருப்பதுகூட அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டுக்கு ஒரு வாதமாகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் உரியவை. தமிழகத்தில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் இடமுண்டு. அவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பம் நலிந்த பிரிவிலேயே விண்ணப்பிக்கலாம். எங்கள் கருத்து, இரண்டுக்கும் தகுதி இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள் என்பதே. பள்ளி அலுவலகத்தில் ஒரு தாள் குறைவாக இருப்பது நல்லது.

கருவுற்ற தாய்மார்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, 14,000 ரூபாய் பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வழங்கப்படுகிறது. இதற்கும் எச்.ஐ.வி. நிலைக்கும் தொடர்பில்லை. பன்னிரண்டு வாரங்களுக்குள் பதிவு செய்துகொள்வதுதான் முக்கியம். குழந்தையைத் தொற்றிலிருந்து காக்கும் சிகிச்சையும் எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பதால், இங்கே பணத்தின் கெடுவும் மருத்துவத்தின் கெடுவும் ஒரே திசையில் இருக்கின்றன. காசநோயும் சேர்ந்து வந்தவர்களுக்குச் சிகிச்சைக் காலம் முழுவதும் ஊட்டச்சத்துக்காக மாதந்தோறும் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தப்படுகிறது. 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாகியுள்ளது. இது காசநோய்த் திட்டத்தின் பணம், காசநோய் என்பதோடு நின்றுவிடும்.

எச்.ஐ.வி. நிலையைச் சொல்லியே பெற வேண்டிய உதவியும் ஒன்று உண்டு. எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று தமிழக அரசு ஓர் அறக்கட்டளையை நிறுவி, அதன் வைப்பு நிதியின் வருவாயிலிருந்து கல்விக்கும் ஊட்டத்திற்கும் உதவுகிறது. தொற்று உள்ள குழந்தைக்கு மட்டுமன்று, தொற்று உள்ள பெற்றோரின் தொற்றில்லாக் குழந்தைக்கும் இது உரியது. இதைப் பற்றி எங்கள் மையத்தின் ஆலோசகரிடமே பேசுங்கள். உங்கள் நிலையை முன்பே அறிந்தவரிடம் பேசுவதால் புதிதாக எவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

மற்றொரு செய்தி, இதைக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே. பெற்றோர் இருவரையும் இழந்து, அல்லது இருவரும் படுக்கையிலாகி, மூத்த பிள்ளையே வீட்டை நடத்தும் நிலை சில குடும்பங்களில் ஏற்படுகிறது. மேற்சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயது நிறைந்து பதினெட்டு நிறையாத, போதிய முதிர்ச்சியுள்ள அப்பிள்ளை, தன் தம்பி தங்கையருக்குப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்கிறது. பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்துப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு இது செல்லும். "பெரியவர் யாரையாவது அழைத்து வா" என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எவரேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், எங்களிடம் அனுப்புங்கள். உரிய அலுவலகத்திற்குக் கடிதம் எழுதித் தருகிறோம்.

இவ்விண்ணப்பங்களில் எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை, எதற்கும் நாங்கள் கட்டணம் பெறுவதில்லை. பணம் கொடுத்தால் பெற்றுத் தருகிறேன் என்று மருத்துவமனை வளாகத்தில் அணுகுபவர் பணத்தோடு சேர்த்து உங்கள் மறைவையும் எடுத்துச் செல்கிறார். மருத்துவச் சான்று கேட்கும் அலுவலகங்களுக்கு உறையிலிட்டு ஒட்டி, பெறும் அலுவலரின் பதவியைக் குறித்துத் தருகிறோம். உங்களை உரக்கக் கேள்வி கேட்டால், தனியே பேச வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் எங்கள் சமூகப் பணியாளர் ஒருவர் உடன் வருவார். இருக்கும் ஆள்பலத்தில் எல்லா நாளும் இது இயலாது, முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்யலாம்.

குடும்ப நாளுக்கான நிதி கிடைத்தால் வரும் நிதியாண்டில் அது தொடங்கும். கிடைக்காவிட்டால், ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களின் மருந்து நாள்களையாவது ஒன்றாக்குவோம். இதற்குப் பணம் தேவையில்லை, ஒரே வீடு என்பது எங்களுக்குத் தெரிந்தால் போதும். ஆகவே அடுத்த வருகையின்போது ஆலோசகர் குடும்பக் கோப்பைப் பற்றிக் கேட்கையில், விருப்பமிருந்தால் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி மீதியைப் பின்னர் சொல்லலாம். எதையும் சொல்லாமலும் இருக்கலாம், அதனால் உங்கள் சிகிச்சையில் அணுவளவும் குறைவு நேராது. கோப்பின் முகப்பில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் எவருக்கேனும் இன்னும் பரிசோதனை செய்யப்படாமல் இருந்தால், தொற்று இல்லை என்று நீங்கள் உறுதியாக நம்பினாலும், நம்பிக்கை மையத்திற்கு அழைத்து வாருங்கள். பிள்ளைக்கு நாள்தோறும் மருந்து கொடுப்பவர் உங்கள் தாயாரோ மாமியாரோ எனில், அவரையும் ஒருமுறை அழைத்து வர வேண்டுகிறோம். அவரிடம் எதைச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பதை முதலில் உங்களிடம் கேட்டுக்கொண்ட பிறகே பேசுவோம்.